சம்பளக்காரப் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டா?

கே: மகனுக்காகக் கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். நான் மாதச் சம்பளக்காரி. இலவச வக்கீல் கிடைப்பாரா? அவர் பணம் கேட்டால்?

ப: தாராளமாகக் கிடைப்பார். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழி தெரியாவிட்டால் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். ஆதார் நகல், திருமண ஆதாரம், மகனின் பிறப்புச் சான்று, கணவரின் வேலை, சம்பள விவரம் கைவசம் இருக்கட்டும். பலர் சறுக்குவது விலாசத்தில்தான். கணவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டு முகவரியைக் கொடுத்தால் சம்மன் திரும்பி வரும், வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடிவிடும். அலுவலக முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். நடந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் வக்கீலுக்குப் பெரிய உதவி.

வக்கீலுக்கான கட்டணத்தைச் சட்டப் பணிகள் ஆணையமே தருகிறது. கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவுகூட உங்கள் தலையில் விழக்கூடாது. பணம் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள். இது தர்மம் அல்ல, உங்கள் உரிமை.