ஆண்டவர் விடுவித்தார், மெத்தடோன் எதற்கு?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் தம்பி சின்ன வயதிலிருந்து உறுமி மேளக் குழுவில் வாசித்தவன். குடியில் தொடங்கி ஹெராயினில் போய் நின்றான். இரண்டு வருடமாக அரசாங்கக் கிளினிக்கில், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தைக் குடித்து வருகிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து குடி இல்லை, ஹெராயினும் இல்லை. உறுமியைச் சாக்கில் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான். இப்போது ஊர் ஊராகச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். ‘ஆண்டவர் விடுவித்த பிறகு மெத்தடோன் எதற்கு?’ என்று சபையில் யாரோ சொல்ல, அதையும் நிறுத்தப் போகிறானாம். கோயில் ஆட்கள் ‘காசுக்கு மாறிட்டான்’ என்கிறார்கள். கூட வாசித்தவர்கள் ‘தைப்பூசம் வரட்டும், தானா வருவான்’ என்கிறார்கள். அம்மா அவனோடு பேசுவதே இல்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய பாடகர்கள் இப்படித் திருந்தியிருக்கிறார்கள் என்று தம்பி சொல்கிறான். நம்பலாமா? அம்மாவிடம் என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் மெத்தடோன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அது ஒன்றுதான். தம்பி அதை நிறுத்தக் கூடாது.

ஹெராயின் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ, அந்த இடத்தில் மெத்தடோன் போய் உட்கார்ந்துகொள்கிறது. சரியான அளவில் குடிக்கிறவருக்கு போதை ஏறாது, உடம்பும் ஹெராயின் கேட்டு அடம்பிடிக்காது. திடீரென்று நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவுகள் என்று வாரக்கணக்கில் இழுக்கும். அதையும் ஒருவர் பல்லைக் கடித்துத் தாங்கிவிடலாம். ஆபத்து அதற்கு அப்புறம்தான். பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு அதற்குள் இழந்திருக்கும். ஏதோ ஒரு நாள் மனம் உடைந்து, பழைய நினைப்பில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் சிகிச்சை மையத்திலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் ஹெராயின் பழகியவர்கள் அதிகமாகச் சாவது இதனால்தான். நம் மலேசியாவில் 2005இல் மெத்தடோன் திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேர் காலையில் கிளினிக் கவுன்டரில் நின்று அந்த மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். குறைக்கலாம், விடவும் முடியும். அது டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டிய வேலை. தம்பியின் சபையிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் யாரும் ஊசியைத் தூக்கிப்போடச் சொல்வதில்லை. தம்பியிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்? போதகரை நேரில் பார்த்துக் கேளுங்கள். முடிந்தால் அவரையே ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிப் போய் டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள்.

இனி, நம்பலாமா என்ற கேள்வி. தம்பி சொல்லும் வெளிநாட்டுக் கதைகளில் பொய் இல்லை, ஆனால் மேடையில் பாதிதான் சொல்வார்கள். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் டென்னசியில் ஒரு குகைக்குள் சாகப் போனதாகவும், கடவுள் தன்னை விடவில்லை என்று உணர்ந்து வெளியே வந்ததாகவும் அவர் சொன்னார். மேடைக்கு அது போதும். ஆனால் அதே மனிதர் 1983இல் மாத்திரைப் பழக்கத்துக்காகச் சிகிச்சை மையத்தில் சேர வேண்டியிருந்தது. அந்தப் பதினாறு வருடத்தில் அவர் பக்தியை விடவில்லை. பக்தி இருந்தது, பழக்கமும் திரும்பி வந்தது. இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1982இல் குடிக்காகச் சிகிச்சை எடுத்தார், மறுபடி குடித்தார். 1987இல் இரண்டாம் முறை சேர்ந்திருந்தபோது முழங்காலில் விழுந்து வேண்டியதாகவும், அதற்குப் பிறகு குடிக்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் முழங்காலில் விழுந்த இடத்தைக் கவனியுங்கள்: சிகிச்சை மையத்தின் அறை. வேண்டுதலைக் காட்டி அவர் சிகிச்சையைத் தள்ளவில்லை. பிறகு ஆன்டிகுவா தீவில் மற்றவர்களுக்காக ஒரு சிகிச்சை மையமே தொடங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். போதையால் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் இசைக் குழுவில் இடம் இழந்தவர். 1957இல் ஃபிலடெல்பியாவில், தாயார் வீட்டில், தாயும் மனைவியும் பக்கத்தில் இருக்க, ஹெராயினையும் குடியையும் விட்டார். அந்த வருடம் கடவுளின் அருளால் ஓர் ஆன்மிக விழிப்பு வந்தது என்று எழுதினார். ஏழு வருடம் கழித்து அந்த நன்றியை ஓர் இசைத்தட்டு முழுக்க வாசித்தார். சபை மாறவில்லை, சாட்சி சொல்ல ஊர் ஊராகப் போகவும் இல்லை.

இவர்களில் யாருக்குள்ளே என்ன நடந்தது என்று சொல்ல நான் யார்? உங்கள் தம்பிக்குள் நடந்ததையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மதம் மாறிப் பாடியவரை நாமே தெய்வமாகக் கும்பிடுகிறோம். சமணராக இருந்த தர்மசேனர் சூலை நோயில் துடித்து, அக்கா திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசி, ‘கூற்றாயினவாறு’ பாடி நாவுக்கரசர் ஆனார். வழிதவறித் திரிந்து, கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான் என்ற அருணகிரிநாதர் கதையைச் சொல்லித் திருப்புகழ் பாடுகிறோம். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடும் நாம், சுங்கை சிப்புட்டில் ஒரு உறுமிக்காரன் அழுது எழுந்தால் மட்டும் ‘காசுக்கு மாறிட்டான்’ என்று சொல்வது நியாயமில்லை.

அப்படிச் சொல்கிற கோயில் ஆட்களிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். திருவிழா இரவில் சாமி ஊர்வலம் முன்னால் போகும். குழு வந்த வேன் கோயிலுக்குப் பின்னால் நிற்கும். அங்கே மினரல் வாட்டர் போத்தலில் சம்சு என்ற மலிவுச் சாராயம் கைமாறும். பேசிய தொகையில் கொஞ்சத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக இரண்டு போத்தல் கொடுத்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எல்லாக் கோயிலும் அப்படி இல்லை. இருக்கிற இடங்கள் எவை என்று ஊருக்குத் தெரியும். உறுமியின் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுத்தால்தான் அந்த உறுமல் எழும். கை நடுங்கினால் எழாது. குடிக்குப் பழகிய கை குடிக்காமல் இருந்தால் நடுங்கும். ‘ஒரு மடக்கு போட்டாத்தான் அண்ணே சவுண்டு வருது’ என்று பதினெட்டு வயதுப் பையன் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனவர்கள் நாம். இத்தனை வருடத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைக் கிளினிக்குக் கூட்டிப் போனவர் எத்தனை பேர்? நம் தாத்தாக்கள் இப்படி இல்லை. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை இளைஞர்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். பக்கத்து லயத்துக்காரன் குடிப்பது அவர்களுக்குத் தங்கள் வீட்டுத் துக்கமாக இருந்தது.

தைப்பூசத்தைச் சொல்லிக் காத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து காவடி எடுத்தவர் மறுநாள் இரவே குடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருடைய பக்தி பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. விரத நாட்களில் வீடே அவரோடு சேர்ந்து விரதம் இருந்தது. தனிப் பாத்திரம், தனிப் பாய், ‘மாலை போட்டிருக்கான், கூப்பிடாதே’ என்று ஒதுங்கிய நண்பர்கள். நாற்பத்தொன்பதாம் நாள் அவரைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கலைந்துபோனார்கள். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஊர் திரும்பிய பிறகும் கவனித்தார். மிகப் பெரும்பாலோர் முதல் வருடத்தில் மறுபடி அடிமையாகவில்லை. இடமும் கூட்டமும் மாறியதும் அதற்குப் பெரிய காரணம். தம்பிக்கு இந்தச் சபை செய்திருக்கும் நன்மையும் அங்கேதான் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்த வீட்டில், இப்போது ஏழு மணிக்கு ஒருவர் வந்து ‘தம்பி, கூட்டத்துக்குப் போலாமா?’ என்று கேட்கிறார். அந்த மனிதருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் எந்த மதம் என்று பார்க்க வேண்டாம்.

சாட்சி மேடை மட்டும் இப்போது வேண்டாம். எட்டு மாதம் மிகச் சின்னக் காலம். ‘முழுசா விடுதலையானேன்’ என்று நூறு பேர் முன்னால் சொன்னவன் நாளைக்கு ஒரு தடவை வழுக்கினால், அதை யாரிடம் போய்ச் சொல்வான்? வெட்கத்தில் மறைப்பான். மறைத்துத் தனியாகப் போடுகிறவன்தான் சாகிறான். சபைக்குத் தம்பிமேல் அன்பிருந்தால் சில வருடங்கள் காத்திருக்கட்டும். இந்தப் பத்திரிகைக்கும் இப்படிச் சாட்சிக் கட்டுரைகள் வருகின்றன, எல்லா மதத்திலிருந்தும். புதிதாக விட்டவர்களின் கதையை நான் போடுவதில்லை.

உறுமியை விற்காதீர்கள். அதில் பேய் இல்லை. கோர்ன் என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் வெல்ச் 2005இல் போதையை விட்டுக் கிறிஸ்துவிடம் வந்தபோது குழுவையும் விட்டார். 2013இல் அதே குழுவுக்குத் திரும்பினார். தம்பிக்கும் எத்தனை வருடம் ஆகுமோ, ஆகட்டும். அதுவரை அந்தச் சாக்கு அலமாரிக்கு மேலேயே இருக்கட்டும்.

அம்மாவிடம், மகன் சாமியை விட்டுவிட்டான் என்ற வருத்தம் நியாயமானது என்று சொல்லுங்கள். அதை மறைக்க வேண்டாம். ஆனால் பேசாமல் இருப்பது வேறு. அவனுக்குச் சபை வீடு ஒன்றுதான் வீடு என்று ஆகிவிட்டால், நாளைக்குச் சபையில் ஒரு மனஸ்தாபம் வந்தால் அவன் நேராக அந்த வேனுக்குத்தான் போவான். கோயில் பிரசாதம் வேண்டாம் என்றால் விடுங்கள். அம்மா கையால் ஒரு தட்டுச் சோறு போதும். காலையில் கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். ஒரு நாள் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.