வடசென்னையில் உங்களுக்குப் பிடித்த மரம் எது, ஏன்?

பூவரசு. யோசிக்கவே வேண்டாம்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் பல மரங்கள் இலை கருகி நிற்கும். இது பளபளவென்று இருக்கும். கடலோரத்து மரம்தானே. இதன் காய் கடல்நீரில் மிதந்துபோய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். வீட்டில் வளர்க்க விதைகூட வேண்டாம், மழைக்காலத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும்.

பூவைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் மஞ்சள், பொழுது சாயும்போது செம்மை ஏறிவிடும். ஒரே மரத்தில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் வேறு நிறத்தில் தெரியும்.

ஆனால் உண்மையான காரணம் பீப்பீதான். இலையைச் சுருட்டி, முனையை லேசாக நசுக்கி ஊதினால் தெருவே அலறும். மதியத் தூக்கம் கெட்ட ஆயாக்களிடம் நாங்கள் வாங்காத திட்டில்லை. அதே ஆயாக்கள்தான் அந்த இலையில் மாவு வைத்துக் கொழுக்கட்டை அவித்தும் தருவார்கள்.

நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள் சிலர். நிழல் பெரியதுதான், மறுக்கவில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து மரங்கள் சாய்ந்ததிலிருந்து அதன்கீழ் வண்டியை நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. முருங்கையா? மரத்தைவிடக் குழம்புதான் பிடிக்கும், கம்பளிப்பூச்சி வேறு.