‘தி ஹேட் யூ கிவ்’ என்ற அமெரிக்க நாவலை ஒன்பதாவது படிக்கும் மகளிடம் கொடுக்கலாமா?

தோழியிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறாள், உள்ளே கெட்ட வார்த்தை, கஞ்சா, போலீஸ் சுடுவது எல்லாம் இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கொடுங்கள். ஆனால் அவள் முடிப்பதற்குள் நீங்களும் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கெட்ட வார்த்தைகள் நிறையவே உண்டு. காதலனோடு ஆணுறையை வைத்து ஒரு சண்டைகூட ஆரம்பத்திலேயே வரும். இதுபோன்ற புகாரால்தான் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரின் பள்ளி நூலகங்களிலிருந்து 2017 கடைசியில் இதை எடுத்தார்கள். அங்கே படித்த ஒரு மாணவியே, திரும்ப வையுங்கள் என்று கேட்டு மனுவில் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள். பிறகு, பெற்றோர் சம்மதித்தால் தரலாம் என்று திரும்ப வைத்தார்கள். 2018இல் தென் கரோலினாவில் ஒரு போலீஸ் சங்கம், கோடை விடுமுறை வாசிப்புப் பட்டியலில் இந்தப் புத்தகம் எதற்கு என்று கேட்டது. என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் ஓடிடியில் கேட்காத வார்த்தை எதுவும் இதில் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வயது என்றால் யோசிப்பேன். பதினாலுக்கு யோசிக்க மாட்டேன்.

எழுதியவர் ஆஞ்சி தாமஸ், மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் ஊர்க்காரர். 2009 புத்தாண்டு அதிகாலையில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு ரயில் நிலையத்தில், குப்புறக் கிடந்த ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது கறுப்பின இளைஞனை ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் அந்த ஆத்திரத்தில் எழுதிய சிறுகதைதான் வளர்ந்து 2017இல் நாவலாக வந்தது. அவருடைய முதல் நாவல்.

ஸ்டார் கார்ட்டருக்கு வயது 16. வீடு கறுப்பர்கள் வாழும் ஏழைப் பகுதியில், பள்ளிக்கூடம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த தனியார் பள்ளி. பள்ளி வாசலில் நுழையும்போதே பேச்சை மாற்றிக்கொள்வாள். தன் தெரு வார்த்தை ஒன்றுகூட வாயில் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருப்பாள். மதுரையிலிருந்து சென்னைக் கல்லூரிக்கு வந்து முதல் வருஷம் முழுக்க ‘அங்கிட்டு, இங்கிட்டு’ வராமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் பக்கங்களை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு ராத்திரி சிறுவயதுத் தோழன் கலீலோடு காரில் வருகிறாள். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்துகிறது. போலீஸ் நிறுத்தினால் கையை வெளியே தெரிகிற மாதிரி வை, சட்டென்று அசையாதே, கேட்டால் மட்டும் பேசு என்று பன்னிரண்டு வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நிற்கவைக்கப்பட்ட கலீல் கார் கதவைத் திறந்து, உனக்கு ஒன்றும் இல்லையே என்று அவளைக் கேட்கிறான். மூன்று குண்டுகள். துப்பாக்கி என்று அந்த அதிகாரி நினைத்தது தலைவாரும் பிரஷ். பார்த்த ஒரே சாட்சி ஸ்டார்தான். அந்த ஆளின் பெயரை அவள் சொல்லவே மாட்டாள், பேட்ஜ் எண்ணைத்தான் சொல்வாள்: ஒன் ஃபிஃப்டீன்.

சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் கலீல் அவளுக்கு ராப் பாடகர் டூபாக் சொன்ன ‘தக் லைஃப்’ விளக்கத்தைச் சொல்லியிருப்பான். குழந்தைகளுக்கு நீங்கள் ஊட்டுகிற வெறுப்பு கடைசியில் எல்லோரையும் நாசமாக்கும் என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. நாவலின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். என் மகளுக்கு அதுவரை தக் லைஃப் என்றால் கறுப்புக் கண்ணாடி இறங்குகிற மீம்.

சுடுகிற காட்சியைவிட எனக்கு வயிற்றைப் பிசைந்தது போலீஸ் ஸ்டேஷன் காட்சி. சாட்சி சொல்லப் போன பெண்ணிடம், கலீல் போதைப்பொருள் விற்றானா என்று சுற்றிச்சுற்றிக் கேட்கிறார்கள். சுட்டவரைப் பற்றி எப்போதுதான் கேட்பீர்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாதான் குறுக்கே விழுகிறாள். அந்த அம்மா ஒரு நர்ஸ். அப்பா பழைய கேங் ஆள், ஜெயிலுக்குப் போய்வந்து மளிகைக்கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் கடைக்கு ஆபத்து, வீட்டுக்கு ஆபத்து, அண்ணன் தம்பிக்கு ஆபத்து. ‘அநியாயத்தைத் தட்டிக்கேள்’ என்று பிள்ளைக்குச் சொல்வது சுலபம். கேட்டபிறகு வீட்டு ஜன்னலுக்கு என்ன ஆகும் என்பதையும் இந்தப் புத்தகம் மறைக்காமல் எழுதுகிறது.

எனக்கு இதில் பிடித்த ஆள் கார்லோஸ். ஆங்கிலத்தில் வெறும் ‘அங்கிள்’. நம் ஊரில் சொன்னால் தாய்மாமன். அப்பா ஜெயிலில் இருந்த மூன்று வருஷமும் ஸ்டாரைத் தூக்கி வளர்த்தவர். அப்பாவுக்கு அதில் ஒரு வயிற்றெரிச்சல்கூட உண்டு. அந்த மாமன் போலீஸ்காரர், சுட்டவர் வேலை பார்க்கும் அதே இடத்தில். ஆரம்பத்தில் நடந்ததற்கு ஏதாவது காரணம் தேடப் பார்க்கிறார். சுட்டவன் துப்பாக்கியைத் தன் மருமகள் பக்கமும் நீட்டியபடி நின்றான் என்று தெரிந்ததும் கை நீட்டிவிடுகிறார். பிறகு அவளிடம் வந்து, கலீலின் சாவை நியாயப்படுத்தப் பார்த்தேனே என்று நொந்துகொள்கிறார். 2018இல் வந்த படத்தில் இவருக்கு ஒரு காட்சி உண்டு. காரை நிறுத்தும்போது போலீஸ்காரன் மனதில் என்னென்ன ஓடும், துப்பாக்கி என்று தோன்றினால் ஏன் சுட்டுவிடுவான் என்று ஸ்டாருக்கு விளக்குவார். பென்ஸ் காரில் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் இருந்தால் என்று அவள் கேட்பாள். கையைத் தூக்கச் சொல்வேன் என்பார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழும்.

நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். என் அம்மாவின் தம்பி ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பொங்கலுக்கு வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் மகள், “தாத்தா, நீங்க ஸ்டேஷன்ல யாரையாவது அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள். என் கையில் ரசக் கரண்டி. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புத்தகத்தை நானே எழுதின மாதிரி. மாமா பதில் சொல்லவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன், விடியும்வரை.

மறுநாள் மாமா திண்ணையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார். “அந்தக் கதை தமிழ்ல இருக்கா பாப்பா?” என்றார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் தமிழில் சொன்னாள். நடுவில் அவர் எதுவும் கேட்கவில்லை. கார்லோஸ் கை நீட்டிய இடம் வந்ததும் மட்டும், “அதுக்கப்புறம் அந்த மாமனுக்கு வேலை போயிருச்சா?” என்றார்.

“போகல தாத்தா. லீவுல அனுப்பினாங்க.”

“ம்” என்றார். “சரி, மேல சொல்லு.”