நசாவு துறைமுகத்தில் வயதான பெற்றோருடன் இறங்கி ஊர் பார்க்கலாமா?

மயாமியிலிருந்து புறப்படும் உங்கள் கப்பல் பஹாமாஸ் நாட்டின் நசாவில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை நிற்கிறது என்றும், அந்த ஊரைப் பற்றிய அமெரிக்க அரசின் எச்சரிக்கையைப் படித்த பிறகு, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோருடன் கரையிறங்கத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இறங்கலாம் என்பதே என் பதில். சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் மாமியாரும் அதே துறைமுகத்தில் அதே அளவு நேரத்திற்கு இறங்கினோம். எங்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. ஆனாலும் ஒரு கால் மணி நேரம் நெஞ்சு படபடக்க நடந்தோம். அதற்கு ஊரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் அவசரம்தான் காரணம்.

முதலில் அந்த எச்சரிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 24 அன்று நசாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அந்த ஆண்டு பிறந்ததிலிருந்து அதுவரை 18 கொலைகள் நடந்திருப்பதாகவும், கும்பல்களுக்கு இடையிலான பழிவாங்கலே அவற்றுக்கு முதன்மையான காரணம் என்றும் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பயண அறிவுரையையும் புதுப்பித்தது. செய்திகளில் இது அடிபட்ட விதத்தைப் பார்த்தவர்கள் அங்கே போகவே கூடாது என்று அரசு சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான்கு நிலைகள் கொண்ட அந்த வரிசையில் பஹாமாஸுக்குத் தரப்பட்டது இரண்டாம் நிலை. கூடுதல் கவனத்துடன் செல்லுங்கள் என்பதே அதன் பொருள். போகவே வேண்டாம் என்று சொல்லும் நான்காம் நிலையில் இருக்கும் ஹைட்டியில், லபாடி கடற்கரைக்குக் கப்பல் விடுவதை ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனமே 2024-இல் நிறுத்தி வைத்தது. நிலைமை அந்த அளவுக்கு முற்றினால், இறங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும் வேலையை உங்களுக்கு வைக்காமல் கப்பலே வேறு துறைமுகத்திற்குப் போய்விடும்.

தலைப்பைப் படித்துவிட்டு மூடிவிடாமல் அந்த அறிவுரையின் உடலையும் படியுங்கள். பயன்படும் செய்தி அங்கேதான் இருக்கிறது. நசாவில் ஷர்லி தெருவுக்குத் தெற்கே, உள்ளூர்க்காரர்கள் ‘ஓவர் த ஹில்’ என்று சொல்லும் குன்றுக்கு அப்பாலுள்ள குடியிருப்புப் பகுதியில் கவனம் தேவை என்று அது தெருப்பெயர் சொல்லியே எச்சரித்தது. ஜெட் ஸ்கி எனப்படும், நீரில் ஓட்டும் வாடகை மோட்டார் வண்டிகளைப் பற்றியும், சுற்றுலாப் படகுகள் சரியாகக் கண்காணிக்கப்படுவதில்லை என்பதைப் பற்றியும் தனியாகக் குறிப்பிட்டது. இந்த அறிவுரைகள் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை புதிதாகப் படித்துவிடுங்கள்.

நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டால் ஊரின் அமைப்பு எளிதாக விளங்கும். வடக்கே கடலும் கப்பல் துறையும் இருக்கின்றன. துறையை விட்டு வெளியே வந்ததும் கடலுக்கு இணையாக ஓடுவது பே தெரு. கடைகள், வைக்கோல் பின்னல் பொருள்கள் விற்கும் ஸ்ட்ரா மார்க்கெட், விக்டோரியா அரசியின் சிலை வைத்த இளஞ்சிவப்பு நிற நாடாளுமன்றக் கட்டடங்கள் எல்லாம் இந்தத் தெருவிலும் அதை ஒட்டியும்தான். கப்பல்கள் நிற்கும் பகல் பொழுதில் இங்கே கூட்டத்திற்குக் குறைவிருக்காது. தோளில் பையை முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். இதற்குத் தெற்கே நிலம் மேடேறத் தொடங்கும் இடத்தில் ஷர்லி தெரு வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஊரிலேயே எல்லோரும் பார்க்க விரும்பும் ‘குயின்ஸ் ஸ்டேர்கேஸ்’ என்ற கல் படிக்கட்டும், அதன் தலைமாட்டில் நிற்கும் ஃபின்காசில் கோட்டையும் அந்த ஷர்லி தெருவைத் தாண்டித்தான் இருக்கின்றன. அதற்காக அங்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. பகலில் சுற்றுலாக்காரர்கள் வந்துகொண்டே இருக்கும் இடம் அது. ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் செய்த தவறும் அங்கேதான். காலையில் முதல் வேலையாகப் படகேறி, துறைமுகத்திற்கு எதிரே இருக்கும் பாரடைஸ் தீவுக்குப் போனோம். போனது சுலபமாக இருந்தது. திரும்பும்போது படகுக்காரர், ஆள் நிரம்பினால்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்து ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றாகிவிட்டது. நாலரைக்குள் எல்லோரும் கப்பலில் ஏறிவிட வேண்டும். அப்போதே திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்து படிக்கட்டைப் பார்க்காமல் போவதா என்று எலிசபெத் அவென்யூ வழியாக விரைந்து நடந்தோம்.

அந்த இடம் அழகானது, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1793, 1794 ஆண்டுகளில் அடிமைகளைக் கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டிய படிகள் அவை. விக்டோரியாவின் பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. 66 படிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒன்று பின்னர் தரையோடு மூடப்பட்டுவிட்டதால் இப்போது எண்ணினால் 65 வரும். இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைச் சுவரில் செடிகள் தொங்க, வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே நுழைந்ததும் சட்டென்று தணிந்துவிடும். நாங்கள் நுழைந்ததுமே ஒருவர் தாமாக முன்வந்து படிகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். முடிவில் கையை நீட்டினார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கதை வேண்டாமென்றால் முதல் வாக்கியத்திலேயே சிரித்துக்கொண்டு மறுத்துவிட வேண்டும். கேட்டுவிட்டால் சில டாலர்கள் கொடுத்துவிட வேண்டும்.

மேலே கோட்டைக்கு வந்தபோது எங்கள் கப்பலின் புகைபோக்கி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. முழங்கால் வலிக்கிறது, மறுபடியும் படி இறங்க முடியாது என்று மாமியார் சொல்ல, சாலை வழியாகவே இறங்கிவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். கைப்பேசியில் இணைய இணைப்பு இல்லை. நிலப்படம் திறக்காமல் சாம்பல் நிறக் கட்டங்களாக நின்றது. சாலை ஒரு வளைவு எடுத்ததும் கப்பல் கண்ணிலிருந்து மறைந்தது. இன்னும் இரண்டு திருப்பம் தாண்டியபோது கடைகளும் இல்லை, சுற்றுலாக்காரர்களும் இல்லை. சன்னல் அடைத்த மரவீடுகளும் கழுத்துச் சங்கிலியில்லாத இரண்டு நாய்களும் மட்டும் இருந்தன. கடலை நோக்கிப் போகிறோம் என்று நம்பி எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தோம். வேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் உங்களுக்கு வேலையில்லை, வந்த வழியே போய் மருத்துவமனைப் பக்கமாக இறங்குங்கள்” என்று அதட்டுகிற குரலில் சொன்னார். அந்த அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுகூட அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்ன வழியில் ஷர்லி தெருவையும், அங்கிருந்து கப்பலையும் அடைந்தபோது கெடு முடியப் பத்து நிமிடம் இருந்தது.

நேரம் இருந்திருந்தால் மாமியாரைக் கோட்டை வாசலில் உட்கார வைத்து ஒரு டாக்சி பிடித்திருப்பேன். நேரம் இல்லாதவன்தான் குறுக்கு வழி தேடுகிறான். விலை பேசாமல் கிடைத்த வண்டியில் ஏறுகிறான். பாதி நிரம்பிய பழைய படகு கிளம்பினால் போதும் என்று தாவுகிறான். ஆகவே உங்கள் பெற்றோரின் பாதுகாப்புக்கு நான் முதலில் கேட்பது ஒன்றரை மணி நேர இடைவெளி. ஏறி முடிக்க வேண்டிய நேரம் நாலரை என்றால், உங்கள் மனக் கணக்கில் அதை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பற்றி இன்னொன்று. நசாவும் மயாமியும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் இந்த ஊரில் குழப்பம் வராது. உங்கள் பயணத்தில் மெக்சிகோவின் கோசுமேலும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கோடைக்காலத்தில் அங்குள்ள நேரம் மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், கரையில் தானாக மாறிக்கொள்ளும் கைப்பேசி உங்களுக்கு இல்லாத ஒரு மணி நேரத்தை இருப்பதாகக் காட்டும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்திற்கு வைத்துக் கட்டிக்கொள்வதே நல்லது.

கப்பல் காத்திருக்குமா என்றால், கப்பல் நிறுவனம் வழியாகப் பதிவு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்திற்கு அனுப்பி வைக்கும். நீங்களாக ஏற்பாடு செய்துகொண்ட பயணத்திற்கு அந்தப் பொறுப்பு கிடையாது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பேர் தாமதமாக வந்தார்கள். கப்பல் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றது. கடலோரக் காவல் படை அவர்களைப் படகில் ஏற்றி அருகில் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவர்கள் பல நாடுகள் வழியாக விமானம் மாறி மாறிப் பறந்து காம்பியாவைப் பிடித்தால், அங்கே கப்பல் கரைக்கு வர முடியாமல் போனது. கடைசியில் செனகலின் டக்காரில்தான் அதைப் பிடித்தார்கள். விசா தேவைப்படும் கடவுச்சீட்டு உங்களிடம் இருந்தால் இந்த அலைச்சல் இன்னும் கடினமாகும். ஒரு பகலுக்கு ஊருக்குள் விடும் அதிகாரிகள், அங்கே தங்கவும் அங்கிருந்து விமானம் ஏறவும் விசா கேட்கக்கூடும். பொதுவாகக் கடவுச்சீட்டைக் கேபின் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு நகல் எடுத்துப் போகச் சொல்வார்கள். நடக்கும் தூரத்திற்கு அது சரி. அதைத் தாண்டி நாமாகப் போகும் நாளில் மூலத்தையே உள்பையில் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

நசாவில் திருட்டைவிடத் தண்ணீரைக் கண்டு நான் அதிகம் அஞ்சுகிறேன். 2023 நவம்பரில் புளூ லகூன் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரட்டை அடுக்குப் படகு ஒன்றுக்குள் நீர் புகுந்து அது சாய்ந்தது. 74 வயதான ஒரு பெண்மணி உயிரிழந்தார். உங்கள் பெற்றோரின் வயதை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். படகேறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேளுங்கள். இருக்கைக்கு அடியில் கட்டுக்கட்டாக முடிந்து வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லி, பெற்றோருக்கு அணிவித்துவிடுங்கள். அலை அதிகமாக இருக்கும் நாளில் கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று இறங்கிவிடுங்கள். கடற்கரையில் வந்து அழைக்கும் ஜெட் ஸ்கிக்காரர்களிடம், குறிப்பாகப் பெண்கள் தனியாக ஏற வேண்டாம். அவர்களில் சிலர் பயணிகளிடம் பாலியல் வன்முறையில் ஈடுபட்டிருப்பதாக அமெரிக்க அறிவுரை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

பணத்தில் சிக்கல் இல்லை. பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று சமம், இரண்டும் செல்லும். சிறு நோட்டுகளாக வைத்துக்கொண்டு, டாக்சியில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா என்று கேட்டுவிடுங்கள். நகைகளைக் கேபினில் கழற்றி வையுங்கள். வண்டிகள் இடது பக்கம் ஓடுவதால் அமெரிக்காவில் பழகியவர்கள் தெருவைக் கடக்கும்போது தவறான பக்கம் பார்ப்பார்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் அந்த ஒரு நாளை இப்படித்தான் அமைப்பேன். நிலப்படத்தைக் கப்பலிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, 9 மணிக்குத் துறைமுக வாசலில் முறையான டாக்சி வரிசையில் வண்டி பிடித்து நேராகக் கோட்டைக்குப் போய்விடுவேன். மேலிருந்து படிகளில் மெதுவாக இறங்கினால் ஏற்றம் மிச்சம். மழை பெய்து படிகள் ஈரமாக இருந்தால் மட்டும் அதே வண்டியில் திரும்பிவிடுவேன். படிக்கட்டின் அடியிலிருந்து எலிசபெத் அவென்யூ வழியே நேர்க்கோடாக வடக்கே நடந்தால், ஷர்லி தெருவைக் கடந்து பே தெரு வந்துவிடும். எங்கும் திரும்ப வேண்டியதில்லை. நாடாளுமன்றச் சதுக்கத்தையும் சந்தையையும் பார்த்துவிட்டு, மதிய உணவுக்குக் கப்பலுக்கே திரும்பலாம். பாரடைஸ் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள்.

கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின், அதாவது கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியின், தொலைபேசி எண் இருக்கும். இல்லையென்றால் வரவேற்பு மேசையில் கேட்டு வாங்குங்கள். அதோடு கப்பலின் பெயர், ஏற வேண்டிய நேரம், காவல்துறைக்கான 919 என்ற எண் ஆகியவற்றைக் கையால் மூன்று துண்டுத் தாள்களில் எழுதி, அப்பாவின் சட்டைப் பையில் ஒன்றும் அம்மாவின் கைப்பையில் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் வைத்துவிடுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால், எண்கள் எல்லாம் உங்கள் கைப்பேசிக்குள் மட்டும் இருந்து அவர்களுக்குப் பயனில்லை.