குழாய் எப்படி வளைந்தால் என்ன, உயரம் எவ்வளவு?

லோயர் கேம்ப் மின் நிலையத்தை ஒட்டி மலையில் இறங்கும் நாலு பெருங்குழாய்களைக் குமுளி பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருப்போம். தேக்கடித் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, அதில் விழுந்துதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மின்புலத்தில் ஓடும் துகள்களைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு அந்தக் குழாய்களே பதில் சொல்லிவிடும்.

லோயர் கேம்ப், பிளஸ் டூ மாணவர்: எலக்ட்ரானின் வேகம் கண்டுபிடிக்க விசை, முடுக்கம், வேகம் என்று மூன்று படி போடுகிறேன் சார். ஆற்றல் அழியாது என்பதை வைத்து ஒரே படியில் போடலாம் என்கிறார்களே?

போடலாம் தம்பி. உன் வழி தப்பில்லை. ஆனால் முடுக்கம் வழியாகப் போனால் பாதை நெடுகப் புலம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் புலம் சீராக இருப்பதால் நீ தப்பித்தாய். ஒரு மின்னூட்ட உருண்டைக்குப் பக்கத்தில் விட்டிருந்தால் அடிக்கு அடி முடுக்கம் மாறியிருக்கும்.

ஆற்றல் கணக்கு கேட்பது ஒன்றுதான்: கிளம்பின இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் எத்தனை வோல்ட் வித்தியாசம்? குழாய் நேராக இறங்கட்டும், வளைந்து இறங்கட்டும், உராய்வை விட்டுவிட்டால் தண்ணீருக்கு உயர வித்தியாசம்தான் கணக்கு.

100 வோல்ட் என்று வை. எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும். பெருக்கினால் 1.6 × 10⁻¹⁷ ஜூல். ஓய்விலிருந்து கிளம்பியிருந்தால் அத்தனையும் இயக்க ஆற்றல். நிறை 9.1 × 10⁻³¹ கிலோ. வேகம் நொடிக்குச் சுமார் 5,900 கிலோமீட்டர் வரும். தகடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இருந்தாலும் பத்து இருந்தாலும் விடை இதேதான். அந்தத் தூரத்தை நான் சொல்லவே இல்லை, பார்த்தாயா?

வண்டிப்பெரியாறு மாணவி: தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். எலக்ட்ரான் குறைந்த மின்னழுத்தத்திலிருந்து கூடுதல் மின்னழுத்தத்துக்கு ஓடுகிறதே சார், மேடேறுவதா?

நல்ல இடத்தில் பிடித்தாய். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மார்க்கை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். மேடு பள்ளம் என்பது மின்னழுத்தம் இல்லை அம்மா, நிலை ஆற்றல். நிலை ஆற்றல் என்பது மின்னூட்டம் பெருக்கல் மின்னழுத்தம். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் எதிர்க்குறி. 0 வோல்ட்டில் அதன் நிலை ஆற்றல் பூச்சியம். +100 வோல்ட்டில் மைனஸ் 100 எலக்ட்ரான் வோல்ட் (ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடந்தால் மாறும் ஆற்றல்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட்). இறங்கித்தான் போகிறது. ஒரே இடம் புரோட்டானுக்கு மேடு, எலக்ட்ரானுக்குப் பள்ளம். ஆகவே படம் போட்டதும் முதலில் குறியை எழுது, வோல்ட்டை அப்புறம் எழுது.

கம்பம், வயரிங் வேலை பார்ப்பவர்: அண்ணே, 100 வோல்ட்டுக்கே அந்த வேகம்னா வீட்டு லைன்ல 230 இருக்கு. அப்போ வயருக்குள்ள எலக்ட்ரான் பறக்குதா?

கணக்குப்படி நொடிக்கு 9,000 கிலோமீட்டர் வர வேண்டும். வயருக்குள் அப்படி நடப்பதில்லை. மின் நிலையம் ஓடாதபோது தண்ணீரை இரைச்சல் பாலம் வழியாக விடுவார்கள் இல்லையா? இறங்குகிற மலை அதே மலைதான். ஆனால் பாறையில் மோதி, நுரைத்து, சத்தமாகவும் சூடாகவும் ஆற்றல் போய்விடுகிறது. செம்புக்குள் எலக்ட்ரான் கதையும் அதுதான். அடிக்கொரு மோதல், வாங்கின ஆற்றல் வயருக்கும் பல்புக்கும் சூடாகப் போகிறது. சராசரி நகர்வு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதுவும் ஏ.சி. லைனில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. ஆற்றல் அழியவில்லை, இயக்க ஆற்றலாகத் தேங்கவில்லை, அவ்வளவுதான். நான் மேலே சொன்ன வேகம் வெற்றிடத்துக்கு.

கூடலூர், நீட் படிக்கிறவர்: தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழையும் எலக்ட்ரானுக்கு முழு 200 வோல்ட்டையும் போடலாமா?

கூடாது. இடைவெளி 2 சென்டிமீட்டர், அது விலகியது அரை சென்டிமீட்டர் என்றால் கடந்தது 50 வோல்ட்தான். 1,000 எலக்ட்ரான் வோல்ட்டோடு நுழைந்தது 1,050-ஓடு வெளியேறும்.

குமுளி ஆசிரியர்: மாஷே, ரூதர்ஃபோர்டு சோதனையில் ஆல்பா துகள் (ஹீலியம் அணுக்கரு) தங்க அணுக்கருவை எவ்வளவு நெருங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகக் காட்ட வழி உண்டோ?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கைகரும், மார்ஸ்டனும் 1909-இல் மெல்லிய தங்கத் தகட்டில் ஆல்பாக்களைப் பாய்ச்ச, சில திரும்பி வந்தன. 1911-இல் ரூதர்ஃபோர்டு அதற்கு அணுக்கருதான் காரணம் என்றார். நேராக மோதப் போகிற ஆல்பா ஒரு கணம் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் இயக்க ஆற்றல் பூச்சியம், முழுதும் நிலை ஆற்றல். 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆல்பாவை எடுங்கள். ஆல்பாவின் மின்னூட்ட எண் 2, தங்கத்துக்கு 79. இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கி, அதை 1.44-ஆல் (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஃபெர்மி அலகுகளில் கூலும் விதியின் மாறிலி) பெருக்கி, 7.7-ஆல் வகுத்தால் 29.5 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்), அதாவது சுமார் 3 × 10⁻¹⁴ மீட்டர். விசை ஒவ்வொரு கணமும் மாறும் பயணம்; நியூட்டனை வைத்து அடியடியாக ஏறினால் ஒரு பீரியட் போய்விடும், இங்கே இரண்டு வரி. தங்கக் கரு கொஞ்சம் பின்வாங்குவதை விட்டுவிட்டேன், அது இரண்டு சதவீதம்தான்.

அதே ஆசிரியர்: இரண்டு துகளுமே நகர விட்டால்?

நிலை ஆற்றல் ஜோடிக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று என்று இரண்டு தடவை போடாதீர்கள். பங்கு பிரிக்க உந்தம் வேண்டும். புரோட்டானும் ஆல்பாவும் ஓய்விலிருந்து பிரிந்தால் ஐந்தில் நாலு பங்கு புரோட்டானுக்கு.

சின்னமனூர் மாணவி: எலக்ட்ரான் எதிர்த் தகட்டைப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அதை ஆற்றல் சொல்லாது. திசையையும் சொல்லாது. அங்கே பழைய முடுக்கம்தான்.

உத்தமபாளையம், டி.வி. மெக்கானிக்: பழைய கலர் டி.வி.யில் எல்.ஓ.டி.யிலிருந்து (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) பிக்சர் ட்யூப்புக்கு 25,000 வோல்ட் போகும். அதற்கும் இதே கணக்கா?

கொள்கை அதே. ஆனால் அரை பெருக்கல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்பது இங்கே கொஞ்சம் பொய் சொல்லும். அதன்படி நொடிக்கு 93,800 கிலோமீட்டர். ஐன்ஸ்டீன் கணக்கில் 90,500. ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது, அதனால்தான் வித்தியாசம். ஆற்றல் எப்படிப் போட்டாலும் 25,000 எலக்ட்ரான் வோல்ட்தான், அதில் மாற்றமில்லை. பிக்சர் ட்யூப்பே ஒரு மின்தேக்கி, செட்டை அணைத்த பிறகும் அந்த ரப்பர் மூடிக்கு அடியில் வோல்ட் காத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய செட்டைப் பிரிக்கிற பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லிவையுங்கள்.