'ஜிம்மி இன்னும் எத்தனை நாள் இருப்பான், டாக்டர்?'

கேள்வி: எங்கள் நாய் ஜிம்மிக்கு 10 வயது. போன மாதம் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம் வந்தது. ஊசியால் எடுத்துச் சோதித்துவிட்டு லிம்போமா, அதாவது நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய் என்றார்கள். கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்துவருகிறோம். ஒன்றிரண்டு மாதம்தான் என்கிறார் டாக்டர். அவன் என்னைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது, எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். கீமோ வேண்டாம் என்றது தப்போ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. கடைசியில் ஊசி போடச் சொல்வது பாவமா? அதற்கான நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? என் மகனுக்கு எட்டு வயது, அவனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இப்போதே ஒரு குட்டி நாயை வாங்கிவிட்டால் பையன் தாங்கிக்கொள்வானா?

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். நாய்களுக்கு வரும் லிம்போமாவில் பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோ பெரும்பாலும் நோயை அடக்கும், ஆனால் அரிதாகத்தான் முற்றிலும் குணப்படுத்தும். அடக்கிவைக்கும் காலம் நோயின் வகையைப் பொறுத்தது. நன்றாக மருந்துக்குக் கட்டுப்படும் வகையில் சராசரியாக ஓராண்டு அளவுக்குக் கிடைக்கும். வெறும் பிரெட்னிசோலோன் என்றால் ஒன்றிரண்டு மாதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'பத்து மாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டோமே' என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து மாதம் சும்மா வருவதில்லை. முதல் சில மாதங்கள் ஏறக்குறைய வாராவாரம் மருத்துவமனை, ஊசி, ரத்தப் பரிசோதனை. மருத்துவமனை வாசலிலேயே நடுங்கி உட்கார்ந்துவிடும் நாய்கள் உண்டு. வாலை ஆட்டிக்கொண்டே மேசையில் ஏறும் நாய்களும் உண்டு. உங்கள் ஜிம்மி எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதைச் சொல்வதால் கீமோ கொடுப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஆகிவிடாது. மனிதர்களைவிட நாய்கள் அதை நன்றாகவே தாங்கும். நோக்கம் குணம் அல்ல, சௌகரியம் என்பதால் அளவைக் குறைத்தே கொடுக்கிறோம். பெரும்பாலான நாய்களுக்கு முடிகூடக் கொட்டுவதில்லை. அதனால் மனத்தின் ஓரத்தில் இன்னும் தயக்கம் இருந்தால் உடனே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்துக்கொண்டே போனால், பிறகு கொடுக்கும் கீமோவுக்குப் புற்றுநோய் அவ்வளவாகக் கட்டுப்படாது. யோசித்துத்தான் வேண்டாம் என்றீர்கள் என்றால், சரி, அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்திருந்தாலும் இன்னொரு பக்கத்தை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கும். நான் பார்த்த குடும்பங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. அவன் பார்த்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன் என்கிறீர்கள்.

இழப்பு வருவதற்கு முன்பே வரும் துக்கத்தைப் பற்றி எரிக் லிண்டமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1944-இல் எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு சிப்பாய், மனைவிக்குத் தன்மேல் அன்பே இல்லை என்று வந்து சொன்னதை அதில் குறிப்பிடுகிறார். அவன் செத்துவிடுவான் என்று அந்தப் பெண் முன்கூட்டியே அழுது தீர்த்துவிட்டிருந்தாள். அவன் திரும்பி வந்தபோது அவள் மனத்தில் அவனுக்கு இடம் இல்லை. நோயாளி நாய்கள் உள்ள வீடுகளில் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். நாய் கூடத்தில் படுத்திருக்கும். வீட்டுக்காரர் சமையலறையில் நின்று அழுதுகொண்டிருப்பார். நாய்க்குப் புரிவதெல்லாம் ஒன்றுதான்: முன்பெல்லாம் பக்கத்தில் உட்காருவார்கள், இப்போது உட்காருவதில்லை.

ஒன்றிரண்டு மாதம் என்ற கணக்கு உங்களுக்குச் சொல்லப்பட்டது, ஜிம்மிக்கு அல்ல. அவனுக்கு இன்றைக்கு வயிறு எப்படி, மூச்சு எப்படி, கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வர முடிகிறதா என்பதுதான் உலகம். உங்கள் வலியையும் அவன் வலியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் பெரிய வேலை. இரண்டும் கலந்துவிட்டால், நன்றாக இருக்கும் நாயைப் பார்த்து அழுவீர்கள், நிஜமாகவே அவதிப்படும் நாளில் 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்' என்பீர்கள். அழுகை வந்தால் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுங்கள். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான்.

பிரிப்பது எப்படி? ஒரு நாள்காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மியை ஜிம்மியாக்கும் மூன்று விஷயங்களை இன்றைக்கே எழுதுங்கள், அவன் கொஞ்சம் நன்றாக இருக்கும்போதே. நாய்களுக்குப் பொதுவானவை வேண்டாம். அவனுடையவை வேண்டும். ஒரு குடும்பத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவான், பழைய செருப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிவான், இரவில் பாட்டி கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். நோய் முற்ற முற்ற, முதலில் செருப்பு தரையிலேயே கிடந்தது. அப்புறம் தாழ்ப்பாள் சத்தத்துக்கு எழாமல் வாலை மட்டும் ஆட்டினான். ஒரு நாள் வாலும் அசையவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நாள்காட்டியே சொன்னது. ஒவ்வொரு நாளும் இரவில் நல்ல நாளா, கெட்ட நாளா என்று ஒரு குறி போட்டால் போதும். தொடர்ந்து கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போனால் அது உங்கள் மனப்பிரமை அல்ல.

எண்களில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு வேறொன்றும் இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, சாப்பாடு, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்களுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும், பத்து என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒருவர் 50 போடுவார், இன்னொருவர் 28 போடுவார். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அவனிடம் தெரியும் மாற்றம் எல்லாமே நோய் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பிரெட்னிசோலோன் கொடுத்தால் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், பசி பசி என்று அலையும், மேல்மூச்சு வாங்கும். வீட்டுக்குள் ஈரம் செய்துவிட்டால் திட்டாதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடவும் செய்யாதீர்கள். இரவில் ஒரு முறை கூடுதலாக வெளியே அழைத்துப் போனால் போதும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மூச்சைக் கவனிக்கும் வழி இது. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நிம்மதி. தூக்கத்திலும் திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது எண்ணிப் பயனில்லை, மாத்திரையால் மேல்மூச்சு வாங்குவது கணக்கைக் குழப்பிவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறினால், அது காலை வரை காத்திருக்கும் விஷயம் அல்ல.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்களுக்கு நஞ்சு. அதுவும் பிரெட்னிசோலோனோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். பூனை இருக்கும் வீட்டில் பாராசிட்டமாலைக் கீழே சிந்தக்கூட விடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வலிக்கும் குமட்டலுக்கும் நாய்களுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். நிறையப் பேர் கேட்பதே இல்லை. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று சொன்னால் வலிக்குக்கூட மருந்து இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி அந்த ஊசி. கருணைக்கொலை என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் கொலை இருப்பதாலேயே பாதிப் பேர் அதைப் பேச மறுக்கிறார்கள். தானாகப் போகட்டுமே என்பார்கள். தானாகப் போவது என்றால் தூக்கத்தில் போவது என்று நினைப்பு. சில நாய்கள் அப்படிப் போகும். லிம்போமாவில் தொண்டைப் பக்கக் கட்டி பெருத்து விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டுப் போகும் நாய்களும் உண்டு. பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? உங்கள் நம்பிக்கை இடம் கொடுக்காவிட்டால் கடைசி வரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை டாக்டரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் முடிவெடுக்கப் பயந்துகொண்டு நாளைத் தள்ளுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

நானே அதைச் செய்திருக்கிறேன். சிறுநீரகம் பழுதான என் பூனையை, இன்றைக்கு ஒரு கரண்டி சாப்பிட்டாள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வாரம் கூடுதலாக இழுத்தேன். வேறொருவர் அந்தப் பூனையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களில் 'சீக்கிரம் செய்துவிட்டோமோ' என்பவர்களைவிட 'இவ்வளவு தாமதித்திருக்க வேண்டாம்' என்பவர்களே அதிகம்.

என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். வழக்கமாக முதலில் ஒரு மயக்க ஊசி. சில நிமிடங்களில் அவன் தூங்கிவிடுவான், அதுவரை நீங்கள் தலையைத் தடவிக்கொண்டிருக்கலாம். பிறகு ரத்தக் குழாயில் பெண்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்து அதிக அளவில் ஏறும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது. சிறுநீர் போகலாம், தசை துடிக்கலாம், நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம். உயிர் திரும்பிவிட்டதோ என்று அலறியவர்கள் உண்டு. அது அனிச்சை அசைவு, அவனுக்கு எதுவும் தெரியாது. புதைப்பதாக இருந்தால் ஆழமாகப் புதைக்க வேண்டும். பெண்டோபார்பிட்டால் உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் பிராணிகளும் பறவைகளும் சாகும். வீட்டுக்கே வருவார்களா, யார் பக்கத்தில் இருப்பது, பிறகு உடலை எங்கே கொண்டுபோவது என்பதையெல்லாம் இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களுக்குப் போன் நம்பர்கூட நினைவுக்கு வராது.

மகனிடம் இந்த வாரமே சொல்லுங்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, செத்தால் திரும்ப வராது என்பது புரியும். 'ஜிம்மிக்குப் புற்றுநோய். மருந்து அதைக் குணப்படுத்தாது. கொஞ்ச நாளில் செத்துப்போவான்' என்று நேராகச் சொல்லலாம். தூங்கப் போகிறான், வேறு வீட்டுக்குப் போகிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் மனத்துக்குள் கேட்கும் கேள்வி, 'நான் அன்றைக்கு அடித்தேனே, அதனாலா?' என்பது. அவன் கேட்காவிட்டாலும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாள்காட்டியில் குறி போடும் வேலையை அவனிடம் கொடுக்கலாம். ஊசி போடும்போது இருக்கலாமா என்றால், என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டு அவனையே கேளுங்கள். கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் சரி.

'ஒரு நாய்க்குப் போயா' என்பவர்கள் வருவார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் தனிப் பெயரே வைத்தார், 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று. அவர்களிடம் வாதாடி உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். நாய் வளர்த்து இழந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலை வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் உடம்பும் மனமும் தேய்வது பிராணிகள் விஷயத்திலும் உண்மை. சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் வாரக்கணக்கில் ஓடவில்லை என்றாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

குட்டி நாய் இப்போது வேண்டாம். குட்டி காதைக் கடிக்கும், மேலே ஏறி விழும், நாளெல்லாம் விளையாடக் கூப்பிடும். ஜிம்மிக்கு அதைத் தாங்கும் தெம்பு இருக்காது, நோய் முற்றினால் எழுந்து நகரவும் முடியாது. முழுத் தடுப்பூசி ஆகாத குட்டியோடு ஏதாவது தொற்று வந்தால், பிரெட்னிசோலோனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த நாய்க்கு அது வேறு ஆபத்து. அப்புறம், உங்கள் பையன் கேட்கும்போது வாங்கலாம். அதுவரை வீட்டில் இருக்கும் ஒரே நாய் ஜிம்மியாகவே இருக்கட்டும்.