துண்டை மறுபடியும் மடிக்காதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு 11 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மாமியார் எங்களோடு இருக்கிறார். பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மா ஊரோடு போய்விட்டதால், காலையில் வாசல் பெருக்கவும் ராத்திரி தட்டுகளைக் கழுவவும் மகளிடம் சொன்னேன். செய்கிறாள், ஆனால் தினமும் சண்டை. 'தம்பி மட்டும் ஏன் செய்யல?' என்று கேட்கிறாள். மாமியார், 'படிக்கிற புள்ளைய வேலை வாங்காதே, நான் செஞ்சுக்கறேன்' என்கிறார். அவருக்கு மூட்டுவலி. சின்ன வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். கணவர், ஒரு வேலைக்குப் பத்து ரூபாய் என்று வைத்துவிடலாம் என்கிறார். மகனோ மாவு கரைக்கிறேன் என்று அடுப்படிக்கே வருகிறான், வந்தால் கொட்டிவிடுகிறான், அவசரத்தில் விரட்டிவிடுகிறேன். எந்த வயதில் எந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மகன் அடுப்படிக்கு வருகிறான், விரட்டிவிடுகிறேன் என்று, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மகளும் மூன்று நாலு வயதில் இப்படி வந்து நின்றிருப்பாள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொப்புச் சாமானில் சோறு பொங்குகிற எல்லாக் குழந்தைக்கும் நிஜச் சட்டியின் மேல்தான் கண். அந்த வயதில் 'நீ போய் விளையாடு' என்று அனுப்பிவிட்டு, 11 வயதில் துடைப்பத்தைக் கையில் கொடுத்தால் அவளுக்கு அது தண்டனை மாதிரித்தான் படும். ஆசைப்பட்டு வந்தபோது கிடைக்காத வேலை, ஆள் இல்லாதபோது தலையில் விழுந்திருக்கிறது.

இதை நான் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன். என் மகளுக்கு 5 வயது இருக்கும்போது காய்ந்த துணிகளில் துண்டுகளை மடிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஓரம் சேராமல் கோணலாக இருக்கும். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து ஒரு நாள் ராத்திரி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் கட்டிலில் முழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து துணிக் கூடைப் பக்கம் வரவேயில்லை. அந்தத் துண்டுகள் கோணலாகவே அலமாரியில் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குழந்தை செய்ததை அதன் கண்முன்னால் திருத்தாதீர்கள், முடிந்தால் பின்னாலும் வேண்டாம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், வயதுக் கணக்கெல்லாம் அடுத்தது.

சரி, மகனுக்கு வருகிறேன். ஆறு வயதில் கை ஓரளவு படிந்துவிடும், ஆனால் பாத்திரமும் துடைப்பமும் நம் அளவில் இருப்பதால்தான் பாதி கொட்டுகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ பகுதியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஆரம்பித்தபோது, தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது எல்லாம் அங்கே பாடமாகவே இருந்தன. மேசை நாற்காலி உட்பட எல்லாம் குழந்தையின் அளவுக்குச் செய்யப்பட்டன. அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். நம் வீட்டுக்கு அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய பூந்துடைப்பத்தின் கைப்பிடியை அவன் உயரத்துக்கு வெட்டிக் கொடுங்கள். மாவு கரைக்க வந்தால் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் மாவு, கீழே ஒரு தாம்பாளம், பக்கத்தில் ஈரத்துணி. கொட்டினால் தாம்பாளத்தில் விழும், துடைப்பதும் அவன் வேலை. ஆனால் இதை வாரநாள் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போதும். அப்புறம், கறிவேப்பிலை உருவுவது, பட்டாணி உரிப்பது, சாக்ஸுகளை ஜோடி சேர்ப்பது, தண்ணீர் பாட்டில்களை நிரப்புவது. பூண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கொடுத்தால் அவனே தோலை நழுவ உரித்துவிடுவான். இதைவிடச் சின்னக் குழந்தை என்றால் செருப்பை இடத்தில் வைப்பதும் அழுக்குத் துணியைக் கூடையில் போடுவதும் போதும்.

மகள் விஷயம் வேறு. தினமும் காலையில் நீங்கள் சொல்லி அவள் பெருக்கினால், வேலை உங்களுடையது, கை மட்டும் அவளுடையது. ஞாபகம் வைத்துக்கொள்வதும் நீங்கள், கோபப்படுவதும் நீங்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலையை முழுசாக அவளிடம் விடுங்கள், எது என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். உதாரணத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கான அரிசி. எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று கேட்டு அளந்து, களைந்து, தண்ணீர் வைப்பது வரை அவள். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு ஒரே வாரத்தில் பிடிபடும், பிறகு வீட்டு அரிசிக்குத் தகுந்தபடி அவளே கூட்டிக் குறைத்துக்கொள்வாள். ஒரு நாள் மறந்தால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள். சோறு அரை மணி நேரம் தாமதமாகட்டும், திட்டாமல் எல்லோரும் காத்திருங்கள். தன் வேலைக்காக வீடே காத்திருக்கிறது என்று தெரிவது அவளுக்குப் பெரிய விஷயம்.

அடுப்பைப் பொறுத்தவரை, 11 வயதில் பெரியவர் பக்கத்தில் இருந்தால் தோசை சுடலாம். குக்கரைத் திறப்பது, கஞ்சி வடிப்பது, எண்ணெயில் பொரிப்பது இப்போது வேண்டவே வேண்டாம். கழிப்பறை கழுவுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமும் விடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

'தம்பி மட்டும் ஏன் செய்யல?' என்று அவள் கேட்பது முழுக்க நியாயம். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க, யார் எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் போனது, ஆண்களுக்கு 97 நிமிடம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81 பேர். அந்தக் கணக்கை 6 வயதிலிருந்து எடுத்தார்கள், அதாவது உங்கள் மகனின் வயதிலிருந்து. அவன் இன்றைக்கு விருப்பத்தோடு வந்து நிற்கிறான். இப்போது விரட்டிவிட்டு, இருபத்தைந்து வயதில் 'ஆம்பளப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லக் கூடாது. வயதைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள். ராத்திரித் தட்டை அவரவர் கழுவட்டும், உங்கள் கணவரும் சேர்த்துத்தான்.

அவர் சொல்கிற பத்து ரூபாய் எனக்குச் சரியாகப் படவில்லை. 'இன்னைக்கு எனக்குப் பத்து ரூபாய் வேண்டாம்' என்று மகள் சொல்லிவிட்டால் அப்புறம் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? கைச்செலவுக்குப் பணம் கொடுங்கள், அதை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். பழைய பேப்பரைக் கட்டிக் கடையில் போட்டு வருகிற காசைப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். 'வேலை வாங்காதே' என்று அவர் சொல்வதை வெறும் செல்லம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வேலை அவருடைய பள்ளிக்கூடத்தையே பறித்தது, பேத்திக்கும் அது ஆரம்பமாகிறதோ என்று பயம் வருவது இயல்பு. அவர் பயத்தை மதித்து ஓர் எல்லை வையுங்கள்: மகளின் வேலை நாளைக்கு அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பரீட்சை நாட்களில் அதுவும் வேண்டாம், தம்பியைப் பார்த்துக்கொள்வது ஒருநாளும் அவள் வேலையாகக் கூடாது. இதை அவர் எதிரிலேயே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வாருங்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லித்தரட்டும், இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து கீரை ஆயட்டும். மகன் உருவியதில் காம்பு நிறைய இருக்கும். அப்படியே சமையுங்கள்.

அன்புடன்,
அக்கா